ஆறாம் அத்தியாயம்: ட்ரம்மரின் வலது கால்

பேஸ் கிற்றார் வாசிக்கிற எவரிடமும் போய், "உங்களுக்கு எப்படிப்பட்ட ட்ரம்மர் வேணும்?" என்று கேட்டால் முதலில் வருகிற பதில் "டைம் நிக்க வேணும்" என்பதுதான். சரியான பதில். ஆனால் அது ஒன்றே போதுமென்றால் கைத்தொலைபேசியில் இருக்கிற மெட்ரோனோமே போதும், ஆள் தேவையில்லை. கொழும்பில் கல்யாணம், கோயில் திருவிழா, பழைய மாணவர் விருந்து, ஹோட்டல் என்று மாறி மாறி வாசித்தவர்கள் இன்னொன்றையும் தேடுவார்கள். ட்ரம்மரின் வலது கால் அடுத்து எங்கே விழப்போகிறது என்பது, விழும் முன்பே அவர்களுக்குத் தெரிய வேண்டும். அந்த ஒன்று இருந்தால் மற்றக் குறைகளை இருவரும் சேர்ந்து திருத்திக்கொள்ளலாம். அது இல்லாவிட்டால் எவ்வளவு வேகமான கை இருந்தும் உங்களுக்குப் பயனில்லை.

காரணம் சத்தத்திலேயே இருக்கிறது. நாலு தந்தி பேஸின் திறந்த தந்திகள் ஏறத்தாழ 41, 55, 73, 98 ஹேர்ட்ஸில் ஒலிக்கின்றன. கிக் ட்ரம்மின் அடிநாதமும் பெரும்பாலும் 50க்கும் 80க்கும் இடையில்தான் வருகிறது. இரண்டுக்கும் ஒரே வீச்சு. கால் சற்று முந்தி, விரல் சற்றுப் பிந்தி விழுந்தால், மண்டபத்தின் பின் வரிசையில் இருப்பவருக்கு அது இரண்டு ஒலியாகப் பிரிந்து கேட்காது. மங்கிப்போன ஒரு "டும்ம்" மட்டும் கேட்கும். இரண்டும் சேர்ந்து விழும்போது கிக் உங்கள் ஸ்வரத்துக்கு ஒரு முனை கொடுக்கிறது, உங்கள் ஸ்வரம் அந்த அடிக்கு ஒரு நாதம் கொடுக்கிறது.

இது தொடக்கத்தைப் பற்றியது. முடிவைப் பற்றிப் பலர் நினைப்பதேயில்லை. புதிதாக வாசிக்க வருகிறவர் ஸ்வரத்தை எப்போது எழுப்புவது என்பதிலேயே கண்ணாக இருப்பார். எப்போது அடக்குவது என்பதைக் கைபோன போக்கில் விட்டுவிடுவார். ஒரு சாதாரண நாலெண்ணிக்கைப் பாட்டை எடுங்கள். ஒன்றிலும் மூன்றிலும் கிக், இரண்டிலும் நாலிலும் ஸ்னேர். ஒன்றில் எழுப்பிய ஸ்வரத்தை, இரண்டில் ஸ்னேர் விழும் அதே கணத்தில் இடது கை விரலைத் தளர்த்தி அடக்கிப் பாருங்கள். ஸ்னேர் திடீரென்று பெரிதாகக் கேட்கும். ட்ரம்மர் அடியைக் கூட்டியிருக்க மாட்டார். நீங்கள் அதற்கு வழிவிட்டதுதான் காரணம். அடுத்த முறை அதே ஸ்வரத்தை ஸ்னேரையும் தாண்டி மூன்றாம் எண்ணிக்கை வரை ஓடவிடுங்கள். அதே பாட்டு இளகிப் படுத்துவிடும். சரணத்தில் ஒன்று, பல்லவியில் மற்றது என்று தெரிந்து வாசித்தால் ஒரு ஸ்வரமும் கூட்டாமல் பாட்டின் முகத்தை மாற்றலாம். ஆனால் ஸ்னேர் ஒரே இடத்தில் விழும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் இந்த வேலையைச் செய்ய முடியும்.

காதைப் பழக்குவதற்கு மூன்று இணைகளைக் கேளுங்கள். டெட்ரோயிட் மோட்டவுன் பாட்டுகளில் ஜேம்ஸ் ஜேமர்சனும் பென்னி பெஞ்சமினும். மெம்ஃபிஸ் ஸ்டாக்ஸ் பதிவுகளில் டக் டன்னும் அல் ஜாக்சன் ஜூனியரும். பொப் மார்லியின் வெய்லர்ஸில் அஸ்டன் பாரெட், கார்ல்ட்டன் பாரெட் என்ற அண்ணன் தம்பி. ஜேமர்சன் ஓயாமல் ஓடுகிற வரிகளை வாசிப்பார். அவருக்குப் பின்னால் ட்ரம்ஸ் பிடி தளராமல் நிற்பதைக் கவனியுங்கள். டன்னும் ஜாக்சனும் இரண்டு பேருமே குறைத்து வாசிப்பவர்கள். அங்கே இடைவெளிகளைக் கேளுங்கள். பாரெட் சகோதரர்களிடம் கேட்க வேண்டியது வேறு. "வன் ட்ரொப்" என்ற அந்த ரெகே அடியில் முதல் எண்ணிக்கை வெறுமையாக இருக்கும், கிக் மூன்றில்தான் விழும். நெகம்போவிலோ ஹிக்கடுவையிலோ கடற்கரை ஹோட்டலில் ரெகே கேட்பார்கள். பழக்கதோஷத்தில் ஒன்றில் கிக்கைப் போடுகிற ட்ரம்மரோடு அந்தப் பாட்டு ஒருநாளும் ரெகே ஆகாது.

முதல் ஒத்திகையில் பார்க்க வேண்டியவை

புதிய ட்ரம்மர் ஒருவரோடு முதன்முதலில் உட்காரும்போது வேகமான பாட்டைக் கேட்காதீர்கள். வேகத்தில் பல பிழைகள் மறைந்துபோகும். நிமிடத்துக்கு அறுபது எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ஓடுகிற ஒரு மெல்லிசைப் பாட்டைக் கேளுங்கள். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் ஒரு செக்கன் வெறுமையாகக் கிடக்கும். அந்த வெறுமையைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர் உடனே எதையாவது போட்டு நிரப்பப் பார்ப்பார். பொறுத்துக்கொள்பவரிடம் கால் இருக்கிறது.

பிறகு சிம்பல்களையும் டொம்களையும் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். கிக், ஸ்னேர், ஹை-ஹாட் மூன்று மட்டும். இது ஒருவரைச் சோதிப்பது போலத் தோன்றக் கூடாது. நீங்களும் இரண்டு தந்தியோடு நின்றுகொள்ளுங்கள். ஒரு முழுப் பாட்டை அப்படி வாசியுங்கள். நடுவில் எட்டுச் சுற்றுக்கு நீங்கள் நிறுத்திவிட்டு மறுபடி வாருங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் அவருடைய அடி மாறாமல் இருந்ததா? அடுத்த முறை அவர் நிறுத்தட்டும், நீங்கள் தனியாக ஓடுங்கள். உங்கள் டெம்போ எவ்வளவு நிற்கிறது என்பது அப்போது தெரியவரும், அது அவருக்கும் தெரிய வேண்டும். இரண்டையும் போனில் பதிவு செய்து அன்றைக்கே சேர்ந்து கேளுங்கள்.

ரோல் போடும்போது பெரும்பாலான இளம் ட்ரம்மர்கள் வேகம் கூடிவிடுவார்கள். ரோல் எவ்வளவு நீளம், எவ்வளவு அழகு என்பதை நீங்கள் பார்க்க வேண்டாம். அது முடிந்து முதல் எண்ணிக்கையில் கிக் விழுகிற இடத்தைப் பாருங்கள். அங்கே சரியாக வந்து இறங்குகிறவர் இடையில் என்ன செய்தாலும் நான் கேள்வி கேட்பதில்லை.

எங்கள் மேடையின் தனிச் சிக்கல்

மேலைநாட்டு வழிகாட்டிகளில் பேஸுக்கு எதிரே ஒரே ஒரு ட்ரம்மர்தான் இருப்பார். தமிழ் இசைக்குழுவில் அப்படியில்லை. ட்ரம்ஸ், தபேலா, டோலக், ஒக்டபாட் என்று மூன்று பேர் தாளத்தில் உட்கார்ந்திருப்பதும் உண்டு. தபேலாவின் இடது பக்கம் கீழ் நாதத்தில் பேசுகிற வாத்தியம். அது பேசும்போது கிக்கும் விழுந்து நீங்களும் வாசித்தால் மூன்று பேர் ஒரே இடத்தில் முட்டிக்கொள்வீர்கள். அனுபவமுள்ள ட்ரம்மர் தபேலா வரும் சரணத்தில் காலை எடுத்துவிடுவார், ஹை-ஹாட்டை மட்டும் மெல்லமாக வைத்துக்கொள்வார். இதை எவரும் சொல்லாமல் செய்கிற ட்ரம்மர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

ட்ரம்ஸே இல்லாமல் ஒக்டபாட் மட்டும் இருக்கும் குழுக்கள் கொழும்பில் நிறைய. ரோலண்ட் நிறுவனம் 1985இல் முதல் ஒக்டபாட்டை வெளியிட்டது. சிறிய மண்டபம், குறைந்த போக்குவரத்துச் செலவு என்று அது எங்கள் மேடைகளுக்கு மிகவும் பொருந்திப் போயிற்று. பாட் வாசிப்பவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்கு ஒலியை மாற்றும்போது கிக்கின் அளவு ஏறி இறங்காமல் ஒரே மட்டத்தில் இருக்கிறதா? கிக்கைக் கைக்குச்சியால் அடிக்கிறாரா, காலுக்குத் தனிப் பெடல் வைத்திருக்கிறாரா? பெடல் வைத்திருப்பவரோடு பேஸ் வாசிப்பது சுலபம். கைகள் இரண்டும் மற்ற வேலையில் இருக்கும்போதும் அவருடைய கிக் தவறாது.

இளையராஜா பாட்டுகளுக்கு ஒரு தனிக் கவனம் வேண்டும். அவருடைய பேஸ் வரிகள் சுருதிக்கு அடியில் சும்மா நிற்பவை அல்ல. பாடகருக்கு எதிரே இன்னொரு குரல் போல நடப்பவை. 1980இல் வந்த மூடுபனியின் "என் இனிய பொன் நிலாவே", 1982இல் வந்த பயணங்கள் முடிவதில்லையின் "இளைய நிலா" இரண்டையும் ஹெட்போனில் பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். அவருடைய குழுவில் நீண்ட காலம் ட்ரம்ஸில் புருஷோத்தமன் இருந்தார், பேஸில் சசிதரன் இருந்தார். பேஸ் பேசுகிற இடத்தில் ட்ரம்ஸ் ஒதுங்கி நிற்கும். மேடையில் இந்தப் பாட்டுகளை எடுக்கும்போது ட்ரம்மர் கூடுதலாக ஒன்றிரண்டு கிக் போட்டாலே அந்த வரி நொறுங்கிப் போகும். பதிவில் இருக்கிற கிக்கை மட்டும் போட மனமுள்ள ட்ரம்மர் வேண்டும். சிலர் இதைக் கற்பனைக் குறைவு என்று நினைக்கிறார்கள். பாட்டை நேசிக்கிறவர் செய்வது அதுதான்.

1992இல் ரோஜா வந்த பிறகு இன்னொரு பழக்கம் சேர்ந்துகொண்டது. ரஹ்மான் பாட்டுகளில் கணினியில் அமைத்த தாளமும் கையால் வாசித்த தாளமும் கலந்திருக்கும். அதை மேடைக்குக் கொண்டுவர இப்போது மடிகணினியில் லூப் ஓடவிடுகிறார்கள், ட்ரம்மரின் காதில் கிளிக் போகிறது. பல குழுக்களில் பேஸ் வாசிப்பவரின் காதுக்குக் கிளிக் வராது. ஆகவே உங்களுக்கும் கணினிக்கும் இடையில் இருக்கிற ஒரே ஆள் அவர்தான். கிளிக்கோடு போவது ஒரு திறமை. கிளிக்கோடு போவது தெரியாதபடி போவது அதைவிடப் பெரிது. பாடகி ஒரு வரியைச் சற்று இழுத்துப் பாடிவிட்டால் பதறாமல் அவரை அடுத்த சுற்றில் திரும்ப லூப்புக்குள் கொண்டுவருகிற ட்ரம்மர் எந்தக் குழுவுக்கும் பெரிய பலம்.

இனிப் பைலா. கொழும்பில் எந்தச் சமூகத்துக் கல்யாணமானாலும் கடைசி மணித்தியாலம் இதற்குத்தான். போர்த்துக்கேயர் காலத்திலிருந்து வந்த கஃப்ரிஞ்ஞா அடியில் வேரூன்றி, பொலிஸ் உத்தியோகத்தரான வொலி பஸ்தியான்ஸ் வழியாகச் சிங்களப் பாட்டாகி, 1969இல் தொடங்கிய ஜிப்சீஸ் போன்ற குழுக்களால் பெரிய மேடைக்கு வந்தது அது. தமிழ்ப் பொப்பிசையில் நித்தி கனகரத்தினத்தின் "சின்ன மாமியே", ஏ. ஈ. மனோகரனின் "சுராங்கனி" என்று கேட்டு ஆடாத தலைமுறை எங்களிடம் இல்லை. ஆகவே பைலா வாசிக்கத் தெரியாத ட்ரம்மரோடு இந்த ஊரில் பிழைக்க முடியாது.

பைலாவின் கணக்கு 6/8. ஆறு சிறு எண்ணிக்கை. அவற்றை ஒன்று, நாலு என்று இரண்டு பெரிய அடியாகவும் கேட்கலாம். ஒன்று, மூன்று, ஐந்து என்று மூன்று அடியாகவும் கேட்கலாம். இந்த இரண்டும் ஒன்றையொன்று உரசுவதில்தான் ஆடுகிறவர்களின் இடுப்பு அசைகிறது. கிக் ஒன்றிலும் நாலிலும் அசையாமல் நின்றால் நீங்கள் ஒன்று, மூன்று, ஐந்துக்குப் போய் வரலாம். ட்ரம்மர் மூன்றுக்குப் போக ஆசைப்பட்டால் நீங்கள் இரண்டில் நிற்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் போய்விட்டால் தளத்தில் ஆடுகிறவர்கள் கால் வைக்க இடமில்லாமல் நிற்பார்கள். போவதற்கு முன் ஒரு பார்வை பார்க்கிற ட்ரம்மரை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். குத்துப் பாட்டும் பெரும்பாலும் அதே ஆறெண்ணிக்கை, திஸ்ர நடைதான். அதனால் இளம் ட்ரம்மர்கள் இரண்டுக்கும் ஒரே அடியைப் போட்டுவிடுகிறார்கள். குத்துக்கு ஒவ்வொரு மூன்றின் தலையிலும் பாரம் வேண்டும். பைலாவில் அந்தப் பாரத்தைக் குறைத்து, இடையில் விழும் சிறு அடிகள் கேட்கும்படி விட வேண்டும். பேஸும் அப்படியே: குத்தில் ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கலாம், பைலாவில் குட்டையாக வெட்டினால்தான் துள்ளும். வெள்ளவத்தைக் கல்யாணத்தில் ஒரு விஜய் பாட்டிலிருந்து நேரே "சுராங்கனி"க்குத் தாவும்போது, தாவிய கணத்திலேயே இந்த வித்தியாசத்தைக் காட்டுகிற ட்ரம்மர் சிலரே.

பைலாவை நிறுத்தாமல் தொடராக வாசிக்கும்போது வேகம் ஏறிக்கொண்டே போகும். ஆறாவது பாட்டில் பாடகருக்குச் சொல் வாய்க்குள் நிற்காது. தொடங்கும்போது உற்சாகத்துக்கு இரண்டு புள்ளி கீழே எடுங்கள். பாட்டுப் பட்டியலில் ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் தொடக்க டெம்போவை எழுதி, அந்தத் தாளை ஹை-ஹாட் தண்டில் ஒட்டிக்கொள்கிற ட்ரம்மருக்கு இந்தச் சிக்கல் வருவது குறைவு.

இடம், சத்தம், சாமான்

எங்கள் மண்டபங்களில் நிலம் வழுவழுப்பான டைல். கிக் பெடலை மிதிக்க மிதிக்க ட்ரம் முன்னால் நகரும். மூன்றாம் பாட்டில் ட்ரம்மர் காலை நீட்டி எட்டி மிதித்துக்கொண்டிருப்பார், அடி பிந்தும், உங்களுக்கு ஏன் என்று தெரியாது. தன் சொந்தக் காப்பெட் துண்டைச் சுருட்டிக்கொண்டு வருகிற ட்ரம்மர் பாதிப் பிரச்சினையை வீட்டிலேயே தீர்த்துவிட்டு வருகிறார். காப்பெட் இல்லாத நாளில் ஒரு நைலோன் கயிற்றைக் கிக்கின் இரண்டு முன்கால்களிலும் சுற்றி, ட்ரம்மர் உட்காரும் ஸ்டூலின் காலில் கட்டுங்கள். அவருடைய பாரமே ட்ரம்மைப் பிடித்துக்கொள்ளும்.

டைலும் வெறும் சுவரும் உள்ள மண்டபத்தில் கீழ்நாதம் நீண்டு முழங்கும். கிக்குக்குள் ஒரு தலையணையோ மடித்த போர்வையோ வைத்து அடித்தோலைத் தொடும்படி நெருக்கினால் முழக்கம் குறையும். அதற்குப் பிறகு உங்கள் அம்பின் பேஸ் திருகியைச் சற்றுக் கீழே இறக்குங்கள். இந்த வேலையை ஒலிபெருக்கிக்காரர் வரும் முன்பே இருவரும் செய்துவிட வேண்டும்.

நிற்கும் இடம் ட்ரம்மரின் ஹை-ஹாட் பக்கம். அங்கிருந்து அவருடைய காலையும் இடது கையையும் பார்க்கலாம். ஒலி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 345 மீற்றர் போகிறது. நீங்கள் 3 மீற்றரில் நின்றால் அவருடைய அடி 9 மில்லிசெக்கனில் உங்களிடம் வந்துவிடும். அது பொருட்டே இல்லை. 10 மீற்றர் தள்ளி நின்றால் 29 மில்லிசெக்கன் ஆகும். நிமிடத்துக்கு 120 எண்ணிக்கை ஓடும் பாட்டில் கால் எண்ணிக்கைக்கு 125 மில்லிசெக்கன்தான். அதில் ஏறத்தாழ நாலிலொன்றை நிற்கும் இடத்திலேயே இழந்துவிடுவீர்கள். திறந்தவெளி மேடை எவ்வளவு அகலமானாலும் ட்ரம்மரை விட்டு விலகாதீர்கள்.

கொட்டாஞ்சேனைப் பங்குகளில் பாடற்குழுவோடு வாசிக்கிற இளைஞர்கள் பலர். புனித லூசியா பேராலயம் போன்ற உயர்ந்த கட்டடத்தில் ஓர் அடி அடித்தால் அது அடங்கும் முன்பே அடுத்த அடி வந்துவிடும். அங்கே பாதி அடியைக் கைவிடத் தெரிந்த ட்ரம்மர் வேண்டும். குச்சியை வைத்துவிட்டுப் பிரஷ் எடுப்பவர், சிறிய பூசைக்கு ட்ரம்ஸை விட்டுக் கஹோனோடு வருகிறவர். மெல்லமாக அடிக்கும்போதும் டெம்போ தொய்யாமல் இருப்பது சத்தமாக அடிப்பதைவிடக் கடினம். மெல்லமாக வாசிக்கத் தெரிந்தவரை நம்பி எந்த இடத்துக்கும் போகலாம்.

வெள்ளவத்தையின் அடுக்குமாடி வீடுகளில் ஒத்திகைக்கும் இதே வழிதான். கஹோன் ஒன்று போதும். அம்ப் போட முடியாவிட்டால் பேஸின் தலைப்பகுதியை ஒரு மர அலுமாரியில் முட்டக்கொடுத்து வாசியுங்கள். அலுமாரியே அம்பாக வேலை செய்யும், பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவு இராது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. அப்படியொரு நாளிலும் கஹோனும் அலுமாரியும் இருந்தால் ஒத்திகை நிற்காது.

சொல்வதும் கேட்பதும்

அடி பிடிக்கவில்லை என்றால் ட்ரம்மரிடம் மேடையில் முகம் சுளிக்காதீர்கள். "நீ பிழையா அடிக்கிறாய்" என்பதில் அவருக்கு எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. இடத்தைச் சொல்லுங்கள், காரணத்தைச் சொல்லுங்கள், சேர்ந்து பார்க்கக் கேளுங்கள். "மச்சான், ரெண்டாஞ் சரணத்தில கிக்கைக் கொஞ்சம் குறைச்சுப் பாப்பமா? அவ மூச்செடுக்கிற இடம் எனக்குக் கேக்கேல்லை." வயதில் மூத்தவர் என்றால், "அண்ணை, அந்த இடத்தில நான் உங்களோட வரவா, இல்லாட்டி விட்டுட்டு வரவா?" என்று உங்கள் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். அவரும் உங்களிடம் அப்படிக் கேட்கிறாரா என்று பாருங்கள். உங்கள் வரி என்ன என்று ஒருமுறையாவது விசாரிக்காத ட்ரம்மரோடு வருடக்கணக்கில் வாசிக்க முடியாது.

பணத்தில் ஒரு நியாயம் வேண்டும். நீங்கள் ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு காலி வீதியில் பஸ் ஏறிவிடுவீர்கள். அவருக்கு வான் பிடிக்க வேண்டும், அல்லது ஸ்னேர், சிம்பல், பெடலோடு ஓட்டோ பிடிக்க வேண்டும். அந்தச் செலவைக் குழுவின் பொதுப் பணத்திலிருந்து முதலில் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு பங்கு பிரியுங்கள். நல்ல கால் உள்ள ட்ரம்மர்கள் குழுவை விட்டுப் போவதற்கு இசை அல்லாத இந்தக் காரணமே அதிகம். நிகழ்ச்சி உறுதியானதும் முதல் அழைப்பு அவருக்குப் போகட்டும். டிசம்பரில் அவரை மூன்று குழுக்கள் தேடும்.

அவர் வர முடியாத நாளில் மாற்றாள் வருவார். அவருக்கு முதல் நாளே பட்டியலை அனுப்புங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்று குறிப்புப் போதும்: தொடக்க டெம்போ, கிக் விழக்கூடாத இடம், பாட்டு முடிகிற விதம். மூன்றாவதைப் பலர் எழுத மறக்கிறார்கள், மேடையில் பிசகுவதும் பெரும்பாலும் அங்கேதான். அந்த இரவு முழுக்க ஹை-ஹாட் பக்கத்திலேயே நில்லுங்கள். கடைசிச் சுற்று வரும்போது அவரைப் பார்த்து, பேஸின் கழுத்தை உயர்த்தி, முடிவு அடியில் கீழே இறக்குங்கள். அவர் உங்கள் கையைப் பார்த்து நிறுத்திக்கொள்வார்.